எட்டு கோல் அடித்த சாம்பியன்

1984–85 சீசனில் இத்தாலியக் கால்பந்து லீக்கில் அதிக கோல் அடித்தவர் ஜுவென்டஸின் மிஷெல் பிளாட்டினி, 18 கோல். அடுத்து இன்டர் மிலானின் அல்டோபெல்லி, 17. அந்த வருஷம்தான் நாப்போலிக்கு வந்து இறங்கியிருந்த மரடோனா 14. பட்டியலில் இன்னும் கொஞ்சம் கீழே போனால் எட்டு கோலோடு ஒரு டென்மார்க்காரர் இருப்பார். பெயர் பிரேபென் எல்க்யேர். அந்த வருஷம் லீக்கை வென்றது அவர் ஆடிய ஹெல்லாஸ் வெரோனா. அந்த அணி வென்ற ஒரே லீக் பட்டம் இன்றுவரை அதுதான்.

1985 முடிவில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து வாக்கெடுப்பில் பிளாட்டினிக்கு அடுத்த இடம் எல்க்யேருக்குக் கிடைத்தது. இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. “ஸ்ட்ரைக்கர்னா கோல் அடிக்கணும் சார். எட்டு கோலுக்கு ரெண்டாவது இடமா?” என்றார். நியாயமான கேள்விதான். அன்று அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல நேரமில்லை. இது அவருக்கும், இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்கும்.

எல்க்யேர் 1957இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்து டென்மார்க்கில் கால்பந்து ஒரு பிழைப்பே இல்லை. 1978 வரை அந்த நாட்டு கிளப்புகள் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரக்கூடாது. பகலில் வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். கால்பந்தையே தொழிலாக வைத்துக்கொள்ள நினைத்தவனுக்கு ரயிலேறி வெளிநாடு போவதைத் தவிர வேறு வழி கிடையாது. அப்படிப் போனவர்களைத் தேசிய அணியில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்த காலமும் உண்டு. அது 70களின் தொடக்கத்தில்தான் மாறியது. ஆலன் சிமோன்சன் ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக்கில் ஆடி 1977இல் தங்கப் பந்தையே வென்றார். அதே காலத்தில்தான் வான்லோஸ என்ற சின்ன கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த எல்க்யேரை ஜெர்மனியின் கொலோன் அணி கூப்பிட்டது. அவருக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது.

கொலோன் 1977–78 சீசனில் லீக், கோப்பை இரண்டையும் வென்றது. காகிதத்தில் பார்த்தால் இரட்டை வெற்றி. நிஜத்தில் எல்க்யேர் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளர் ஹென்னஸ் வைஸ்வைலர் பெரிய ஆள், சிமோன்சனை வளர்த்தெடுத்தவரே அவர்தான். ஆனால் கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடு. எல்க்யேரோ சிகரெட்டை மறைத்துக்கூடப் பிடிக்காதவர். இருவரையும் பற்றி ரொம்ப வருஷமாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. விஸ்கி பாட்டிலும் கையுமாக ஒரு பெண்ணோடு உன்னை இரவில் பார்த்தார்களாமே என்று வைஸ்வைலர் கேட்க, அது விஸ்கி இல்லை, வோட்கா. பெண்ணும் ஒன்றில்லை, இரண்டு என்று இவர் திருத்தினாராம். எல்க்யேரைப் பற்றி எழுதும் எல்லாரும் இந்தக் கதையில் ஆரம்பித்து இதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். ஒரு பெரிய அணியில் இடம் கிடைக்காமல், மொழி தெரியாத ஊரில், இருபது வயதில் உட்கார்ந்திருந்த பையன் அவர். அந்த நிலையில் அடுத்து எங்கே போகிறோம் என்பதுதான் ஒருவருடைய ஆட்ட வாழ்க்கையையே தீர்மானிக்கும்.

அவர் போனது பெல்ஜியத்துக்கு. லோகெரன் என்று கென்ட்டுக்கும் ஆன்ட்வெர்ப்புக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். டக்னாம் என்ற மைதானம். 1978இல் அங்கே போனவர் 1984 வரை இருந்தார். ஆறு சீசன். எல்க்யேரின் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். ஆனால் பலரும் இதை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள்.

லோகெரன் சின்ன கிளப், ஆனால் சாதாரண கிளப் இல்லை. போலந்தின் பெரிய ஸ்ட்ரைக்கர் வுவோஜிமியெஷ் லுபான்ஸ்கி அங்கே ஆடிக்கொண்டிருந்தார். 1974 உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்த கிரெகோஷ் லாட்டோவும் 1980இல் வந்து சேர்ந்தார். ஐஸ்லாந்திலிருந்து ஆர்னோர் குட்யோன்சன் என்ற இளைஞர். இவர்களோடு தினமும் பயிற்சி. 1980–81இல் லோகெரன் பெல்ஜிய லீக்கில் ஆண்டர்லெக்ட்டுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. அதே வருஷம் பெல்ஜியக் கோப்பை இறுதியாட்டம். ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பையில் டைனமோ மாஸ்கோ, டண்டி யுனைடெட், ரியல் சோசியெடாட் என மூன்று அணிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காலிறுதிக்குப் போனது. நெதர்லாந்தின் ஏஇசட் அணியிடம்தான் தோற்றது.

ஆறு வருஷம் ஒரே இடத்தில், ஒவ்வொரு வாரமும் முழு ஆட்டம். தோற்றாலும் அடுத்த வாரம் இடம் உண்டு. வெளிநாட்டுக்குப் போகும் இளம் ஸ்ட்ரைக்கருக்கு இதைவிடப் பெரிய கொடுப்பினை எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். இன்றைக்கு ராஸ்முஸ் ஹொய்லுண்டைப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் கோபன்ஹேகனிலிருந்து ஆஸ்திரியாவின் ஸ்டர்ம் கிராஸுக்குப் போனார். அதே வருஷம் ஆகஸ்டில் இத்தாலியின் அட்டலான்டா. அடுத்த வருஷம் மான்செஸ்டர் யுனைடெட். இருபது வயதில் மூன்றாவது நாடு, அதுவும் ஒவ்வொரு தவறையும் உலகமே பார்க்கும் கிளப். 2025இல் மறுபடி இத்தாலிக்கு, நாப்போலிக்கு. திறமையில் அவருக்குக் குறைவில்லை. காலூன்றி நிற்க ஒரு லோகெரன் அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சந்தை இப்போது யாரையும் அப்படி விட்டுவைப்பதில்லை.

சரி, 1984க்கு வருவோம். அந்தக் கோடையில் பிரான்சில் தேசிய அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை. ஜெர்மானியரான செப் பியோன்டெக்கின் பயிற்சியில் டென்மார்க் முதல்முறையாக உலகம் திரும்பிப் பார்க்கும் அணியாக வந்திருந்தது. முதல் ஆட்டத்திலேயே சிமோன்சனுக்குக் கால் முறிந்தது. அதன் பிறகும் யூகோஸ்லாவியாவை 5–0 என்று அடித்தார்கள். பெல்ஜியத்துக்கு எதிராக 0–2 என்று பின்தங்கி, 3–2 என்று ஜெயித்தார்கள். வெற்றி கோல் எல்க்யேருடையது. தான் ஆறு வருஷம் ஆடிய நாட்டின் டிஃபெண்டர்களைத் தாண்டி அடித்த கோல்.

ஜூன் 24, லியோனில் அரையிறுதி, எதிரில் ஸ்பெயின். 1–1. எக்ஸ்ட்ரா டைமிலும் முடிவில்லை. பெனால்ட்டி ஷூட்அவுட்டில் முதல் நான்கு டென்மார்க்காரர்களும் கோல் அடித்தார்கள், ஸ்பெயினும் விடவில்லை. ஐந்தாவதாக எல்க்யேர் நடந்து வருகிறார். இரண்டு மணி நேர ஆட்டத்தில் அவருடைய ஷார்ட்ஸ் பின்பக்கம் கிழிந்து தொங்குகிறது. மாற்றிக்கொள்ளக்கூட இல்லை. பந்தை வைக்கிறார், ஓடி வருகிறார், உதைக்கிறார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து போகிறது. அடுத்து வந்த ஸ்பெயினின் சரபியா கோலடிக்க, டென்மார்க்கின் கதை அங்கே முடிந்தது. கிழிந்த ஷார்ட்ஸோடு நின்ற அந்த ஆள் டென்மார்க் கால்பந்தின் மறக்க முடியாத படமாகிப்போனார்.

அதே கோடையில்தான் அவரை வெரோனா வாங்கியது. பெனால்ட்டியைத் தவறவிட்டவர் என்ற பெயரோடு இத்தாலியில் போய் இறங்கினார்.

அன்றைய இத்தாலிய லீக் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இனி சொல்லப்போவது விளங்கும். ஒரு அணிக்கு இரண்டு வெளிநாட்டவருக்கு மட்டுமே அனுமதி. அதனால் ஒவ்வொரு அணியும் உலகத்தைச் சல்லடை போட்டு இரண்டு பேரை எடுத்து வந்தது. நாப்போலியில் மரடோனா. ஜுவென்டஸில் பிளாட்டினியும் போனியெக்கும். உதினேசேயில் ஸீக்கோ. ரோமாவில் ஃபல்காவோவும் செரேசோவும். ஃபியோரென்டினாவில் சோக்ரட்டீஸும் பாஸரெல்லாவும். இன்டரில் ரும்மெனிகே. லாஸியோவில் டென்மார்க்கின் இருபது வயது மைக்கேல் லாட்ரப். வெரோனா எடுத்த இருவர் எல்க்யேரும், ஜெர்மனியின் ஹான்ஸ்-பீட்டர் பிரீகலும். மற்ற அணிகளின் பெயர்களோடு சேர்த்துப் படித்தால் எளிமையான தேர்வாகத்தான் தெரியும்.

அணியின் மற்றவர்களும் அப்படித்தான். பெரிய கிளப்புகளில் இடம் கிடைக்காமல் வெளியே வந்தவர்கள் பலர். ஃபன்னாவும் கால்டெரிசியும் ஜுவென்டஸில் நிலைக்காதவர்கள். கோல்கீப்பர் கரெல்லா கையைவிடக் காலால் பந்தைத் தடுப்பதில் பெயர் வாங்கியவர். இவர்களைச் சேர்த்துக் கட்டியவர் பயிற்சியாளர் ஓஸ்வால்டோ பான்யோலி. மிலானின் தொழிலாளர் குடியிருப்பான போவிசாவில் வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். தடுப்பில் ஆடுபவன் தடுப்பாட்டத்தை ஆடட்டும், நடுவில் ஆடுபவன் நடு ஆட்டத்தை ஆடட்டும். இவ்வளவுதான் அவருடைய தத்துவம் என்பார்கள். அப்படிப்பட்டவரிடம் எல்க்யேர் போய்ச் சேர்ந்தது பெரிய அதிர்ஷ்டம். சிகரெட்டுக்கும் இரவு வாழ்க்கைக்கும் கணக்குக் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் என்ன செய்தாய் என்று மட்டும் கேட்ட பயிற்சியாளர் அவர். கொலோனில் கிடைக்காதது இங்கே கிடைத்தது.

செப்டம்பர் 16, சீசனின் முதல் நாள். மரடோனாவின் முதல் இத்தாலிய லீக் ஆட்டம் வெரோனாவின் பென்டெகோதி மைதானத்தில்தான். பிரீகல் மரடோனாவை அசைய விடாமல் கூடவே ஓடினார், போதாததற்கு ஒரு கோலும் அடித்தார். மற்ற இரண்டு கோல்கள் கால்டெரிசியும் டி ஜென்னாரோவும். வெரோனா 3, நாப்போலி 1. எல்க்யேருக்குக் கோல் இல்லை.

நண்பரின் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது. எல்க்யேர் ஒரு இடத்தில் நின்று பந்துக்காகக் காத்திருக்கும் ஸ்ட்ரைக்கர் இல்லை. நடுக்கோட்டிலோ இடது ஓரத்திலோ பந்தை வாங்கி, தலையைக் கீழே குனிந்துகொண்டு நேராக எதிராளியை நோக்கியே ஓடுவார். உடம்பு கனத்தது, ஆனால் வேகம் குறையாது. வெரோனாக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர்களில் ஒன்று ‘பைத்தியக் குதிரை’. அன்றைய இத்தாலியத் தடுப்பாட்டம் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஆடுவது. அவரைத் தடுக்க ஒருவர் போதவில்லை, இரண்டாமவர் வந்தார். அந்த இரண்டாமவர் விட்டுவந்த இடத்தில்தான் கால்டெரிசி நின்றார். ஃபன்னா பந்தோடு உள்ளே வந்ததும் பிரீகல் நடுவிலிருந்து ஓடி வந்ததும் அதே இடைவெளியில்தான். அந்த சீசனில் கால்டெரிசி 11 கோல், பிரீகல் 9. நடுவில் ஆடும் ஒரு ஜெர்மானியர் ஸ்ட்ரைக்கரைவிட ஒரு கோல் அதிகம் அடித்தது ஸ்ட்ரைக்கரின் குறை என்று நினைப்பவர்கள், அந்த கோல்களுக்கு முந்தைய பத்து விநாடிகளையும் பார்க்கவேண்டும். ஒரு டிஃபெண்டர் மூச்சிரைக்க எல்க்யேரின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்.

அக்டோபர் 14. ஜுவென்டஸ் வெரோனாவுக்கு வருகிறது. இரண்டாம் பாதியில் கால்டெரிசி ஒரு கோல், 1–0. ஆட்டம் முடிய இன்னும் பத்து நிமிஷம்போல. எல்க்யேருக்கு இடது பக்கம் பந்து கிடைக்கிறது. முன்னால் நிறைய மைதானம். ஓட ஆரம்பிக்கிறார். ஜுவென்டஸின் இளம் டிஃபெண்டர் ஸ்டெஃபானோ பியோலி (பின்னாளில் மிலானின் பயிற்சியாளராக லீக் வென்ற அதே பியோலி) குறுக்கே காலை நீட்டுகிறார். எல்க்யேர் தடுமாறுகிறார், விழவில்லை. வலது காலின் பூட்ஸ் கழன்று பின்னால் கிடக்கிறது. யாராக இருந்தாலும் அந்த நொடியில் விழுந்து ரெஃப்ரியைப் பார்த்துக் கையைத் தூக்கியிருப்பார்கள், கேட்க நியாயமும் இருந்தது. இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் சாக்ஸ் காலோடு கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் நுழைந்து, இன்னொருவரையும் ஒதுக்கிவிட்டு, அதே வலது காலால், பூட்ஸ் இல்லாத காலால், உதைக்கிறார். கோல். 2–0.

எத்தனையோ முறை இதைப் பார்த்துவிட்டேன். என்னை ஈர்ப்பது அந்த உதை மட்டும் இல்லை. இடது காலில் பூட்ஸ் இருந்தது, கொஞ்சம் உள்ளே வெட்டி அந்தக் காலுக்குப் பந்தை மாற்ற நேரமும் இருந்திருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை. லியோனில் கிழிந்த ஷார்ட்ஸோடு பந்தை வைத்து உதைத்த அதே ஆள். அங்கே பந்து மேலே போனது, இங்கே உள்ளே போனது. இரண்டுக்கும் நடுவில் நான்கு மாதம்கூட இல்லை.

வெரோனாக்காரர்கள் அதைச் சின்ட்ரெல்லா கோல் என்றார்கள். அதன் பிறகு அந்த ஊரில் அவருக்கு மேயர் என்று பெயர்.

மற்றது நீண்ட குளிர்காலம். பிப்ரவரியில் உதினேசேயோடு 3–0 என்று முன்னால் இருந்து, 3–3 ஆகி, கடைசியில் 5–3 என்று ஜெயித்த ஆட்டம் ஒன்று உண்டு. மொத்தம் 30 ஆட்டம்; 15 வெற்றி, 13 டிரா, இரண்டே தோல்வி. எதிரணிகள் அடித்த கோல் 19 மட்டும். மே 12, பெர்காமோவில் அட்டலான்டாவோடு. ஒரு டிரா போதும், பட்டம் வெரோனாவுக்கு. ஆனால் அட்டலான்டா முதலில் கோல் அடித்துவிட்டது. இடைவேளைக்குப் பிறகு சமன் செய்த கோலை அடித்தவர் எல்க்யேர். 1–1. வெரோனா சாம்பியன். எட்டு கோலில் ஒன்று ஜுவென்டஸை வீழ்த்திய ஆட்டத்தில், ஒன்று பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில். கோலை எண்ணும்போது எந்த நாளில் அடித்தது என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும் என்று நண்பரிடம் சொல்வேன்.

அந்த வருஷம் மட்டும் ரெஃப்ரிகளை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முழுக்க முழுக்கக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள், அதனால்தான் சின்ன அணி ஜெயித்தது என்று சொல்பவர்கள் உண்டு. குலுக்கல் உண்மைதான். பெரிய கிளப்புகளுக்குச் சாதகமாக விசில் ஊதப்படுகிறது என்ற சந்தேகம் இத்தாலியில் எப்போதும் உண்டு என்பதும் உண்மை. ஆனால் இரண்டாவதாக வந்த டோரினோவைவிட நான்கு புள்ளி அதிகம், அதுவும் ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி மட்டுமே தந்த காலத்தில். குலுக்கல் சமமான களத்தைத் தந்திருக்கலாம், அந்தக் களத்தில் ஓடியது இவர்கள்தான்.

அடுத்த வருஷம் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையில் கிரேக்கத்தின் பாவோக்கை வென்ற வெரோனாவுக்கு இரண்டாம் சுற்றிலேயே ஜுவென்டஸ் எதிரில் வந்தது. 1985 மே மாதம் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்த கொடுமைக்குப் பிறகு ஜுவென்டஸுக்குத் தண்டனையாக, டூரினில் ஆட்டம் பார்வையாளர்களே இல்லாமல் நடந்தது. 0–2. ரெஃப்ரியின் முடிவுகளைப் பற்றி வெரோனாக்காரர்களின் கோபம் இன்னும் ஆறவில்லை. அவர்கள் ஊரின் ஒரே ஐரோப்பிய சாம்பியன் கோப்பைப் பயணம் காலி நாற்காலிகளுக்கு முன்னால் முடிந்ததை நினைத்தால் எனக்கும் ஆறவில்லை.

1986 உலகக் கோப்பை பற்றி எல்லாருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாக. ஸ்காட்லாந்துக்கு எதிரான ஒரே கோல் எல்க்யேர். உருகுவேயை 6–1 என்று வென்ற ஆட்டத்தில் எல்க்யேர் மூன்று. மேற்கு ஜெர்மனிக்கு எதிராக 2–0. அப்புறம் கெரெட்டாரோவில் மறுபடி ஸ்பெயின். 1–0 என்று முன்னால் இருந்தபோது ஜெஸ்பர் ஒல்சன் தன் பெட்டிக்கு முன்னால் குறுக்கே தட்டிவிட்ட பந்தை புட்ராகென்யோ எடுத்துக்கொண்டார். 1–5 என்று முடிந்தது, புட்ராகென்யோ மட்டும் நான்கு கோல். அந்த அணிக்கு அது தகாத முடிவு. ஒல்சனின் பாஸை மட்டும் வைத்து அந்தத் தோல்வியை விளக்குபவர்களை நான் ஏற்பதில்லை. பின்தங்கிய பிறகும் டென்மார்க் முன்னேறியே ஆடியது, பின்னால் திறந்து கிடந்தது. அப்படி ஆடத் தெரிந்த அணிக்கு வேறு மாதிரி ஆடத் தெரியவில்லை.

எல்க்யேர் 1988 வரை வெரோனாவில் இருந்தார். கடைசி சீசனில் அணி யூஈஎஃப்ஏ கோப்பைக் காலிறுதி வரை போய் வெர்டர் பிரெமனிடம் தோற்றது. அதற்குள் உடம்பும் களைத்துவிட்டது. ஊருக்குத் திரும்பி வைலெ என்ற டென்மார்க் கிளப்பில் 1990 வரை ஆடி நிறுத்திக்கொண்டார். சிமோன்சனின் சொந்த ஊர் கிளப் அது. தேசிய அணிக்கு 69 ஆட்டங்களில் 38 கோல். பிறகு டென்மார்க் டிவியில் கால்பந்து விமர்சகராக ஒரு தலைமுறைக்கே தெரிந்த முகமானார். அவர் ஆடியதைப் பார்க்காத பிள்ளைகளுக்கும் அவர் குரல் தெரியும்.

யூடியூபில் பார்க்க நினைப்பவர்கள் பூட்ஸ் கோலில் தொடங்கவேண்டாம், அது எப்படியும் கண்ணில் படும். முதலில் 1985 ஜூன் 5, கோபன்ஹேகனில் சோவியத் யூனியனோடு நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தைப் பாருங்கள். டென்மார்க் 4, சோவியத் 2. எல்க்யேர் இரண்டு, லாட்ரப் இரண்டு. வெரோனா பட்டம் வென்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதல் இருபது நிமிஷத்துக்குள் எல்க்யேர் தன் இரண்டையும் அடித்துவிடுவார். அதற்குப் பிறகு அவர் பந்து இல்லாமல் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். லாட்ரப் அடிக்கும் இரண்டு கோலின்போதும் சோவியத் டிஃபெண்டர்கள் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.